ஞானப்பல் எடுத்த பிறகு: பல் மருத்துவர் பதில்கள்

என் மகனுக்கு வயது 23. நாளை கீழ்த்தாடை ஞானப்பல்லை ஆபரேஷன் செய்து எடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்? தயிர் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்கிறார் மாமியார்.
- வாசகி, திண்டுக்கல்

பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காப்பது அந்தக் கட்டிதான். புதுச் சதை வளர்வதும் அதற்குள்தான். அது பெயராமல் பார்த்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

டாக்டர் வைத்து அனுப்பும் பஞ்சை 45 நிமிடமாவது அழுத்திக் கடித்திருக்க வேண்டும். நடுவில் எடுத்துப் பார்த்தால் அதில் ஒட்டிய கட்டியும் சேர்ந்து பிய்ந்து வரும். எச்சிலைத் துப்பக் கூடாது, விழுங்கட்டும். மறுநாள் காலை வரை எச்சில் இளஞ்சிவப்பாக வரும், பயப்பட வேண்டாம். சிவப்பு ரத்தமே வாயில் ஊறிக்கொண்டிருந்தால், சுத்தமான காஸ் துணியை நனைத்துப் பிழிந்து கெட்டியாக மடித்துக் குழிக்கு நேர் மேலே வைத்து இன்னும் 30 நிமிடம் கடிக்கச் சொல்லுங்கள். பலர் துணியைக் கன்னத்தோரம் வைத்துக் கடிக்கிறார்கள். அழுத்தம் குழியில் விழுவதே இல்லை, ரத்தமும் நிற்பதில்லை. சரியாகக் கடித்தும் நிற்காவிட்டால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

துணியில் சுற்றிய ஐஸைக் கன்னத்துக்கு வெளியே 15 நிமிடம் வைத்து, 15 நிமிடம் எடுங்கள். முதல் நாள் முழுக்க, விழித்திருக்கும் நேரமெல்லாம் இப்படிச் செய்யலாம். ராத்திரி 2 தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்கட்டும். வீக்கம் 2-ம், 3-ம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். 'நேற்றைவிட இன்று அதிகமாக இருக்கிறதே' என்று பதற வேண்டாம். அதன் பிறகு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் போதும். டாக்டர் எழுதிய வலி மாத்திரையில் முதலாவதை, ஊசியின் மரப்பு முழுதாகத் தெளிவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். வலி ஏறிய பின் போட்டால் அடங்க நேரமாகும்.

சீழ் வருவது கிருமியால், தயிரால் அல்ல. குழையப் பிசைந்த தயிர் சாதம் இந்தச் சமயத்துக்கு மிக நல்ல சாப்பாடு. கடுகு மட்டும் தாளிக்காதீர்கள். அந்தச் சின்ன உருண்டை குழிக்குள் போய் உட்கார்ந்தால் எடுப்பது பெரும்பாடு. தக்காளி விதை, ரவை, எள், முறுக்குத் தூள் எல்லாமே அந்த ரகம்தான். ஆறவைத்த ராகிக் கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, மசித்த பருப்பு சாதம் கொடுக்கலாம். மரப்பு இருக்கும்வரை மெல்லும் எதையும் கொடுக்காதீர்கள். தன் கன்னத்தையே கடித்துக்கொள்வார். இளநீரை டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். ஸ்ட்ராவில் உறிஞ்சினால் அந்த இழுப்பிலேயே கட்டி பெயர்ந்துவிடும்.

முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கக் கூடாது. பிறகு 1 டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் வாயில் வைத்துத் தலையை மெல்ல இருபக்கமும் சாய்க்கட்டும். அரை நிமிடம் கழித்து வாயைத் திறந்து தானாக வழியவிட வேண்டும். மற்றப் பற்களை மறுநாளிலிருந்து வழக்கம்போல் துலக்கலாம்.

பல் எடுத்து 4 நாளாகிறது. 2 நாள் நன்றாக இருந்தேன். நேற்றிலிருந்து காது வரை தெறிக்கிறது, வாயும் நாறுகிறது. கிராம்புத் தைலம் விட்டும் கேட்கவில்லை. ஆன்டிபயாடிக்கை இன்னும் 5 நாளைக்கு வாங்கிப் போடலாமா?
- வாசகர், திருநெல்வேலி

வேண்டாம். குறைந்துவந்த வலி 3-ம், 4-ம் நாளில் திரும்ப ஏறி, காதுக்குப் பரவி, வாய் நாறினால் அது பெரும்பாலும் 'டிரை சாக்கெட்'. கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போய், குழிக்குள் எலும்பு திறந்து கிடக்கிறது. கீழ்த்தாடை ஞானப்பல்லில்தான் இது அதிகம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

இந்த வலி திறந்த எலும்பால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஆற்றாது. டாக்டர் குழியை உப்புநீரால் கழுவி, மருந்து தோய்த்த துணியை உள்ளே வைப்பார். அன்றைக்கே வலி வெகுவாகக் குறையும். ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றவேண்டி வரலாம். அந்த மருந்திலும் கிராம்புச் சத்துதான் இருக்கிறது, ஆனால் அளவோடு. நீங்கள் தைலத்தை அப்படியே விட்டால் ஈறு வெந்துபோகும். இன்றோடு நிறுத்துங்கள்.

குழியில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படிந்திருப்பதைச் சீழ் என்று நினைத்துக் குச்சியால் சுரண்டுகிறவர்கள் உண்டு. வலி ஏறாமல் வெறும் படிவு மட்டும் இருந்தால் அது ஆறுவதற்கான அடையாளம். தொடாதீர்கள். காய்ச்சல், தாடைக்கு அடியில் கெட்டியான வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

6 நாள் ஆகியும் கீழுதட்டில் ஒரு பக்கம் மரத்தே இருக்கிறது. வாயும் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது.
- வாசகி, புதுச்சேரி

இரண்டும் வேறு வேறு. ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் தெளிந்திருக்க வேண்டும். உங்களுக்குக் கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு நசுங்கியிருக்கலாம். ஞானப்பல்லின் வேர் அதற்கு மிக அருகில் இருக்கும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்ச்சி திரும்பிவிடும். ஆனாலும் இந்த வாரமே டாக்டரிடம் காட்டி, எவ்வளவு இடம் மரத்திருக்கிறது என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். முன்னேற்றத்தை அதை வைத்துத்தான் அளக்க முடியும். அதுவரை சூடான காபியில் கவனம். உதடு வெந்தாலும் தெரியாது.

வாய் திறக்காதது தாடைத் தசை இறுகியதால். ஒத்தடம் கொடுத்து, ஒரு நாளைக்கு 4, 5 முறை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு இடையில் வைத்து, தினம் ஒரு குச்சி கூட்டலாம். 2 வாரத்தில் 3 விரல் அளவு திறக்க வேண்டும். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனால் உள்ளே சீழ் கோத்திருக்கலாம். பார்க்கச் சொல்லுங்கள்.

மேல் ஞானப்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடுமா?
- வாசகர், தஞ்சாவூர்

போகாது. பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. மேல் பல்லின் வேருக்கு அருகில் இருப்பது மூக்கோடு இணைந்த காற்றறையான சைனஸ். அதனால் 2 வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். தண்ணீர் குடிக்கும்போது மூக்கு வழியாக வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.