பாதை காலியாக இருந்தும் ஏன் நிறுத்தி வைக்கிறார்கள்?

கேள்வி: நான் தினமும் போகும் சாலையில் ஒரு பாதியை அடைத்துவிட்டுப் பணி நடக்கிறது. இரு முனையிலும் கொடியோடு ஆட்கள் நிற்கிறார்கள். எதிரே ஒரு வண்டியும் வராதபோதுகூட எங்களை நிறுத்துகிறார்கள். காரணம் கேட்டதற்கு, "நில்லுன்னா நில்லுங்க" என்று ஒருவர் கத்திவிட்டார். இவர்களிடம் எப்படி நடந்துகொள்வது?

பதில்: உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் காலியாக இருக்கிறது என்று நீங்கள் நினைக்கும் பாதை பெரும்பாலும் காலியாக இருப்பதில்லை. பணி நடக்கும் நீளம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதைக் கடக்க ஏறக்குறைய 108 விநாடி ஆகும். எதிர்முனையில் கடைசி வண்டியை விட்டபிறகு, அது இந்தப் பக்கம் வந்து சேரும்வரை உங்களை விட முடியாது. நடுவில் ஒரு வளைவோ மண்மேடோ இருந்தால் அந்த வண்டி உங்கள் கண்ணில் படாது. கொடி காட்டுபவர் கண்ணிலும் படாது. எதிர்முனைக்காரர் வாக்கி டாக்கியில் சொல்வதை நம்பித்தான் அவர் கொடியை இறக்குகிறார். அந்தக் கருவி இல்லாத இடங்களில், கடைசி வண்டி ஓட்டுநரிடமே ஒரு கொடியைக் கொடுத்து அனுப்புவதும் உண்டு. அது கைக்கு வந்தால்தான் இந்தப் பக்கம் திறக்கும். ஆக, உங்களை விடுவது அவர் ஒருவர் கையில் இல்லை.

இயந்திரங்களும் ஒரு காரணம். சூடான தார்க் கலவையை ஆறுவதற்குள் ரோலர் ஓட்டி இறுக்கியாக வேண்டும். அந்த நேரத்தில் இடையிடையே வண்டிகளை விட்டால் வேலை கெடும், சாலையும் சீக்கிரம் பெயரும்.

காத்திருக்கும்போது ஹார்ன் அடிக்கும் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கொடி காட்டுபவர் வாக்கி டாக்கியையும், முதுகுக்குப் பின்னால் ரிவர்ஸ் வரும் லாரியின் எச்சரிக்கை ஒலியையும் காதால் கேட்டுத்தான் வேலை செய்கிறார். நாம் அடிக்கும் ஹார்ன் அந்த இரண்டையும் அமுக்கிவிடுகிறது. எரிச்சலைக் காட்ட அடிக்கும் ஹார்னால் ஒருவர் உயிருக்கே ஆபத்து வரலாம்.

அவருக்கும் உங்கள் வண்டிக்கும் நடுவே தடுப்பு எதுவும் கிடையாது, கையில் ஒரு கொடி அல்லது பலகை மட்டும்தான். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர், காய்ந்த சாலையில்கூட, ஆபத்தைப் பார்த்து பிரேக் பிடித்து நிற்பதற்குள் 45 மீட்டர் அளவுக்கு ஓடிவிடுவார். 30 கிலோமீட்டரில் அது 20 மீட்டருக்குள் அடங்கும். அதனால் அவரைப் பார்த்தபிறகு அல்ல, முதல் எச்சரிக்கைப் பலகையைப் பார்த்ததுமே வேகத்தைக் குறையுங்கள். அவர் காலடிவரை போய் நிற்காமல் நன்றாக இடம் விட்டு நில்லுங்கள். இரவில் ஹைபீமை இறக்கிவிடுங்கள். இருசக்கர வண்டியில் வந்தால் வரிசையைத் தாண்டி முன்னால் நுழையாதீர்கள்.

சரி, கேட்கவே கூடாதா? தாராளமாகக் கேளுங்கள். "ஏன் நிறுத்துறீங்க?" என்றால் சண்டைக்கு வருவதாகத் தோன்றும். "அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்றால் அவரால் பதில் சொல்ல முடியும். வண்டியில் நோயாளி இருந்தால் நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, ஜன்னலை இறக்கி நிதானமாகச் சொல்லுங்கள். எதிர்முனைக்குத் தகவல் சொல்லி வழி திறக்க அவர் முயல்வார். ஆனால் அவர் கை காட்டும்வரை நகர வேண்டாம்.

அவர் கத்தியது தவறுதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. "உள்ளே வண்டி வருது, ரெண்டு நிமிஷம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வரிசை முழுக்க அடங்கிவிடும். கொடியை இப்படியும் அப்படியும் வீசிக் குழப்பாமல், நில் என்றால் அசையாமல் நீட்டிப் பிடிப்பதும், ஓட்டுநரின் கண்ணைப் பார்ப்பதும் அவர் கடமை. ஆனால் வெயிலிலும் புழுதியிலும் மணிக்கணக்கில் மாற்று ஆள் இல்லாமல் நிற்பவரிடம் பொறுமை வற்றிப்போவது இயல்பு. அவருக்கு ஓய்வும் தண்ணீரும் வாக்கி டாக்கியும் தரவேண்டியது ஒப்பந்ததாரர்.

காத்திருப்பு தினமும் அளவுக்கு மீறிப் போனால், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு பணி மேற்பார்வையாளரிடமோ சாலைத் துறையிடமோ சொல்லுங்கள். புகாரில் அந்த ஆளைக் குறை சொல்வதைவிட, எவ்வளவு நேரம் நிறுத்தினார்கள், இரு முனைக்கும் தொடர்பு இருந்ததா, முன்கூட்டியே பலகை வைத்திருந்தார்களா என்று எழுதுங்கள். அவர்கள் சரிசெய்யக்கூடியவை அவைதான்.