குளிக்க முடியாத அருவிக்கு ஒரு குடும்ப நடை

பயணம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். மே மாதக் கடைசியில் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வதாக மாப்பிள்ளை சொல்கிறார். என் கணவருக்கு வயது 71, முழங்கால் வலி உண்டு. பேரனுக்கு 4 வயது. பேத்தி தள்ளுவண்டிக் குழந்தை. மலை ஏறாமல் எல்லோரும் சேர்ந்து நடந்து போய்ப் பார்க்கக்கூடிய அருவி அங்கே உண்டா? அதில் குளிக்கலாமா?
– கோயம்புத்தூர் வாசகி

பதில்: உண்டு. யோசெமிட்டி அருவி மொத்தம் 739 மீட்டர் உயரத்திலிருந்து மூன்று கட்டங்களாக இறங்குகிறது. மேலருவி மட்டுமே 436 மீட்டர். அதன் உச்சிக்குப் போகும் பாதை உங்களுக்கானது அன்று. 98 மீட்டர் உயரமுள்ள கீழருவியின் அடிவாரத்துக்குப் போகும் பாதைதான் உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்படி வளையமாக அமைந்த அந்தத் தளமிட்ட பாதையின் நீளம் 1.6 கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 15 மீட்டர். அரை மணி நேர நடை என்று பூங்கா நிர்வாகம் கணக்குச் சொன்னாலும், நான்கு வயதுப் பிள்ளை ஒவ்வொரு மரத்தடியிலும் கூம்புக்காய் பொறுக்க நிற்பான் என்பதால், நீங்கள் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. பள்ளத்தாக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில்தான், அதாவது ஏற்காட்டைவிடத் தாழ்வாகத்தான் இருக்கிறது. மூச்சு வாங்குமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

வளையத்துக்கு மேற்குக் கை, கிழக்குக் கை என இரண்டு உண்டு. மேற்குப் பக்கத்தில் சிறிது தூரம் போனதுமே, மரங்களுக்கு நடுவே மேலருவியும் கீழருவியும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும். பெரும்பாலோர் எடுத்துவரும் படம் அங்கே எடுத்ததுதான். ஆனால் அருவியை நெருங்கும்போது அந்தப் பக்கம் சற்றே ஏற்றமாகிவிடுகிறது. கிழக்குப் பக்கச் சரிவு மென்மையானது; தள்ளுவண்டிக்கும் வலிக்கிற முழங்காலுக்கும் அதுவே தோது. ஆகவே முதலில் மேற்கே கொஞ்சம் நடந்து அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பி, பிறகு கிழக்குக் கை வழியாக அருவியடிப் பாலத்துக்குப் போய், வந்த வழியே திரும்புங்கள். வளையத்தை முழுவதும் சுற்றித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

அந்தப் பாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் சென்றிருந்தபோதும் மே மாதம்தான். பாலத்துக்கு ஐம்பது அடி முன்னாலேயே மூக்குக் கண்ணாடியில் நீர்த்துளி படியத் தொடங்கிவிட்டது. துடைக்கத் துடைக்கப் படிந்தது. பாலத்தின் நடுவில் நின்றபோது அருவி தள்ளிக்கொண்டு வந்த காற்றில் சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்து, முதுகு மட்டும் காய்ந்திருந்தது. பேரனுக்கு மழைக்கோட்டும் மாற்றுச் சட்டையும், தள்ளுவண்டிக்கு மழை மறைப்பும் கட்டாயம் வேண்டும். உங்கள் கணவர் பாலத்தின் ஈரத்தில் செருப்போடு நடக்க வேண்டாம். அடிப்பாகம் பிடிமானமாக உள்ள காலணி போட்டுக்கொள்ளட்டும்.

இனி, குளியல். அருவி என்றாலே தலையைக் கொடுத்து நிற்பது என்று குற்றாலம் நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. யோசெமிட்டியில் அந்த ஆசையை விட்டுவிட வேண்டும். இறங்குவது பனி உருகிய நீர். அதில் திடீரென்று இறங்கினால் மூச்சே அடைத்துப்போகும். பாலத்துக்கு அப்பால் கிடக்கும் பெரும்பாறைகள் நீர் தேய்த்துத் தேய்த்து மெருகேறியவை, உலர்ந்திருக்கும்போதே வழுக்கும். பிறர் பிள்ளைகள் அவற்றின்மேல் தாவுவதைப் பார்த்துப் பேரன் கையை உதறுவான். அங்கே பிடியைத் தளர்த்தாதீர்கள்.

நடையைவிடக் கடினமானது வண்டி நிறுத்த இடம் தேடுவதுதான். ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேர் வந்துபோகும் பூங்கா அது. காலை எட்டு மணிக்குள் பள்ளத்தாக்குக்குள் போய் ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, அங்கே சுற்றும் இலவசப் பேருந்தில் அருவிக்குப் போங்கள். சில ஆண்டுகளில் நுழைவுக்கு முன்பதிவு கட்டாயம், சில ஆண்டுகளில் இல்லை. புறப்படும் முன் மாப்பிள்ளையைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு ஆகஸ்டு இறுதியில் போனோம். படத்தில் பார்த்த அருவி இல்லை. பாறையில் ஒரு கறுப்புக் கோடுதான் இருந்தது. ஏன்?
– சான் ஹோசே வாசகர்

பதில்: நீங்கள் பார்த்ததும் அந்த அருவியைத்தான், தண்ணீர் வற்றிய நிலையில். அதற்கு நீர் கொடுக்கும் ஓடையின் நீர்ப்பிடிப்புப் பரப்பில் பெரும்பகுதி வெறும் கிரானைட் பாறை. மண் குறைவு என்பதால் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விட அங்கே எதுவும் இல்லை. குளிர்காலப் பனி மே, ஜூன் மாதங்களில் உருகி ஒரேயடியாக இறங்கி முடிந்துவிட்டால், கோடைக் கடைசியில் அருவி நின்றே போகும். அடுத்த முறையும் ஆகஸ்டில்தான் விடுப்புக் கிடைக்கும் என்றால், மெர்செட் ஆற்றில் விழும் வெர்னல் அருவியை நாடுங்கள். அது ஆண்டு முழுவதும் விழும். அதைப் பார்க்கக்கூடிய நடைபாலம் வரை ஒருவழித் தூரம் 1.3 கிலோமீட்டர்தான் என்றாலும், 120 மீட்டர் ஏற வேண்டும் என்பதால் முதல் கேள்வி கேட்ட அம்மையாருக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை. 188 மீட்டர் உயரமுள்ள பிரைடல்வெயில் அருவியும் முழுவதும் வற்றுவதில்லை; கோடைக் கடைசியில் நூலாக விழும், அதற்கு நடையும் குறைவு.

கேள்வி: அந்தப் பாதையில் அணில்கள் கைக்கு அருகிலேயே வருகின்றனவாமே. குழந்தைகள் பிஸ்கட் கொடுக்கலாமா? கரடி பயம் உண்டா?
– மதுரை வாசகி

பதில்: கொடுக்கக் கூடாது, பூங்கா விதி அதைத் தடை செய்கிறது. பழகிய அணில் பிஸ்கட்டோடு விரலையும் சேர்த்துக் கடிக்கும். கூட்டம் மிகுந்த அந்தப் பாதையில் பகலில் கரடிக்காக நடையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆனால் இரவு தங்குவதாக இருந்தால், வண்டியில் முறுக்குப் பொட்டலம்கூட விட்டுவைக்கக் கூடாது. மணம் பிடித்துக் கரடி காரின் கதவையே பிளந்துவிடும். கூடாரத்தில் தங்குபவர்களுக்கென்று வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் உணவை வைத்துத் தாழிட வேண்டும். பற்பசைக்கும் சோப்புக்கும் அதே விதிதான்.