கல்லூரி முதலாண்டு எழுத்துப் பயிற்சி வகுப்பில் நன்றாக எழுதக் கற்பது எப்படி?

பள்ளியில் கட்டுரைக்கு நல்ல மார்க் வாங்கியும், கல்லூரியில் "வாதம் தெளிவில்லை", "வெறும் சுருக்கம்" என்ற குறிப்புகளோடு தாள் திரும்பி வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மொழியறிவு போதாததால் இப்படி நடப்பது குறைவு. முதல் டிராஃப்டையே பிழை மட்டும் திருத்திக் கொடுத்துவிடுவதால்தான் பெரும்பாலும் நடக்கிறது.

மாணவர்களும் அனுபவமுள்ள எழுத்தாளர்களும் எப்படித் திருத்துகிறார்கள் என்று ஒப்பிட்டு அமெரிக்க எழுத்துக் கல்வி ஆய்வாளர் நான்சி சோமர்ஸ் 1980இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மாணவர்களுக்குத் திருத்தம் என்பது சொல்லை மாற்றுவது. அனுபவசாலிகளுக்கோ தங்கள் வாதத்துக்கு உரிய வடிவத்தைத் தேடுவது. இந்த வகுப்பில் கற்க வேண்டியதில் பெரும்பகுதி அந்த இரண்டாவது வேலைதான் என்பது என் உறுதியான கருத்து.

எழுத உட்காரும் முன் தலைப்பில் உள்ள வினைச்சொல்லைப் பாருங்கள். "விவரி" வேறு, "பகுப்பாய்வு செய்" வேறு, "மதிப்பிடு" வேறு. ஒரு கட்டுரையைப் பகுப்பாய்வு செய்யச் சொன்னால், அதன் ஆசிரியர் என்ன சொன்னார் என்பதற்கு ஒரு பத்தி போதும். எந்தச் சான்றை நம்புகிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், யாரை மனத்தில் வைத்து எழுதுகிறார் என்பவையே மீதி முழுவதும்.

அடுத்தது மையக் கருத்து. விவரம் தெரிந்த ஒருவர் மறுக்க முடிகிற கூற்றாக அது இருக்க வேண்டும். "கைபேசியால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு" என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. அதனால் அதை நிரூபிக்கவும் எதுவும் இல்லை, கட்டுரை பட்டியலாகிவிடும். "வகுப்பில் கைபேசியைத் தடை செய்தால் கவனச்சிதறல் குறையாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்" என்று எழுதிப் பாருங்கள். உடனே ஒருவர் "எப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது பத்திகள் தாமாக அமையத் தொடங்கும். எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தையும் எடுத்துப் பேசுங்கள். பலவீனமானதைத் தேர்ந்தெடுத்து வீழ்த்தினால் படிப்பவருக்கு உங்கள் மீதுதான் நம்பிக்கை குறையும்.

நேரத்தைப் பங்கிடுவதும் முக்கியம். 1,000 சொல் கட்டுரைக்குப் பத்து நாள் இருந்தால், படிக்கவும் குறிப்பெடுக்கவும் மூன்று நாள், முதல் டிராஃப்டுக்கு இரண்டு, தொடாமல் வைக்க ஒன்று, திருத்தத்துக்கு நான்கு. முதல் டிராஃப்ட் மோசமாக இருக்கட்டும். நாம் என்ன நினைக்கிறோம் என்று கண்டுபிடிக்கத்தான் அதை எழுதுகிறோம். உண்மையான மையக் கருத்து பல நேரம் அதன் கடைசிப் பத்தியில்தான் வந்து நிற்கும். அதைத் தூக்கி முன்னால் வையுங்கள், முன்னுரையைப் புதிதாக எழுதுங்கள். அந்த டிராஃப்டைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ஒப்படைத்தால், கற்பதற்கென்று இருக்கும் வேலையே கைவிட்டுப் போகும்.

திருத்தத்துக்கு நான் மிகவும் நம்பும் முறை, எழுதிய பிறகு சட்டகம் எடுப்பது. பத்திகளுக்கு எண் போடுங்கள். ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று தனித்தாளில் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ஒரு பத்திக்கு இரண்டு வாக்கியம் தேவைப்பட்டால் அதைப் பிரிக்க வேண்டும். இரண்டு பத்திக்கு ஒரே வாக்கியம் வந்தால் சேர்க்க வேண்டும். வாக்கியமே எழுத வரவில்லை என்றால் அந்தப் பத்தியை எடுத்துவிடலாம். பிறகு அந்த வாக்கியங்களை மட்டும் வரிசையாகப் படியுங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு "ஆகவே", "ஆனால்", "ஏனென்றால்" என்று போக முடிகிறதா? "மேலும்", "மேலும்" என்றே வந்தால் வாதம் நகரவில்லை என்று பொருள். பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: தாளில் இருப்பதைப் படிக்காமல், எழுத நினைத்ததை ஞாபகத்திலிருந்து எழுதிவிடுவார்கள். அப்போது எல்லாமே சரியாக இருப்பதாகத் தோன்றும். தொடாமல் வைக்கும் அந்த ஒரு நாள் இதற்காகத்தான்.

சொல் திருத்தம் இதற்கெல்லாம் பிறகே. முதலிலேயே வாக்கியத்தை மெருகேற்றிவிட்டால், தேவையில்லாத பத்தியைக்கூட வெட்ட மனம் வராது.

பத்திக்குள் மேற்கோளை அனாதையாக விடாதீர்கள். யார் சொன்னது, எந்தச் சூழலில் என்று முன்னால் ஒரு வரி வேண்டும். அது உங்கள் வாதத்தை எப்படித் தாங்குகிறது என்று பின்னால் இரண்டு மூன்று வரி வேண்டும். தெரியாமல் நேரும் கருத்துத் திருட்டு பெரும்பாலும் குறிப்பேட்டில் தொடங்குகிறது: நூலின் வரியும் உங்கள் சொல்லும் கலந்துவிடும். எடுத்த வரிக்கு அப்போதே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போட்டுவிடுங்கள். உங்கள் சொல்லில் எழுதும்போது நூலை மூடி வைத்து எழுதி, பிறகு திறந்து ஒப்பிடுங்கள். சொல் உங்களுடையதானாலும் கருத்து அவருடையது, ஆகவே மூலத்தைக் காட்டியே ஆக வேண்டும்.

வாக்கியங்களை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வெட்டுங்கள். "குழுவால் பரிசீலனை மேற்கொள்ளப்பட்டது" என்று இருந்தால் "குழு பரிசீலித்தது" என்று மாற்றுங்கள்.

பேராசிரியரிடம் "எப்படி இருக்கிறது சார்?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்பதோடு முடிந்துவிடும். "மூன்றாம் பத்தியின் சான்று என் கூற்றுக்குப் போதுமா?" என்று கேளுங்கள். திரும்பி வந்த தாள்களில் ஒரே மூன்று நான்கு வகைப் பிழைகள்தான் மறுபடி மறுபடி இருக்கும். அவற்றை ஒரு பக்கத்தில் குறித்து வைத்து, அடுத்த கட்டுரையைக் கொடுக்கும் முன் ஒரு வகைக்கு ஒரு தடவை என்று முழுவதையும் பாருங்கள். கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கிப் படித்தால் பொருள் இழுத்துக்கொண்டு போகாது, கண் எழுத்தின் மேல் நிற்கும்.