தலைவரும் தொண்டரும் ஒரே மூலநிரலும்

கேள்வி: கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மனோடு அவ்வியக்கத்தினரே பலர் முரண்படுவதாகப் படித்தேன். தலைவரின் சொல்லுக்குக் கட்டுப்படாத தொண்டர்களைக் கொண்டு ஓர் இயக்கம் எவ்வாறு நிலைத்திருக்கிறது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கட்டுப்பட வேண்டிய தேவையை நீக்கியவரே ஸ்டால்மன்தான். 1983 செப்டம்பரில், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்த அவர், 1989இல் வெளியிட்ட பொது உரிமத்தின் வழியாக, நிரலைப் பெறும் எவரும் அதன் மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வடிவத்தை, படிக்கவும் திருத்தவும் திருத்தியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமை அளித்தார். அந்த உரிமை, அவரோடு உடன்படாதவருக்கும் அதே அளவில் உரியது.

இதன் பொருளை, மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவிற்கு மாற்றித் தரும் ஜிசிசி என்னும் நிரல்மாற்றியின் வரலாறு காட்டுகிறது. ஸ்டால்மன் எழுதி 1987இல் வெளியிட்ட அந்த மென்பொருளில், தாங்கள் செய்த மேம்பாடுகள் சேர்க்கப்படுவதற்கு நெடுங்காலம் ஆவதைக் கண்டு சலித்த நிரலாளர்கள், 1997இல் ஈஜிசிஎஸ் என்ற பெயரில் தனிக் கிளையாகப் பிரிந்து பணியாற்றத் தொடங்கினர். இரண்டே ஆண்டுகளில், 1999 ஏப்ரலில், பிரிந்து சென்ற அக்கிளையையே அதிகாரபூர்வ ஜிசிசியாக, ஸ்டால்மன் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. பிரிந்தவர்களும் அதே பொது உரிமத்தின்கீழ்தான் உழைத்தார்கள் என்பதால், அவர்களது உழைப்பில் எதுவும் வீணாகாமல் தாய்த் திட்டத்திற்கே வந்து சேர்ந்தது. தலைவரை மீறிய செயலைத் துரோகம் என்று ஒதுக்காமல் திருத்தமாக ஏற்ற இந்த நிகழ்வை, இயக்கத்தின் பெருமைக்குரிய தருணமாகவே நான் கருதுகிறேன்.

2019இல் அறக்கட்டளையின் தலைவர் பொறுப்பிலிருந்து விலகிய ஸ்டால்மன், 2021 மார்ச்சில் அதன் ஆட்சிக்குழுவிற்குத் திரும்பியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்குபவர்களும் தம் தலைவரை ஆண்டுதோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்களுமான டெபியன் திட்டத்தினர், ஸ்டால்மனைக் கண்டிப்பதா ஆதரிப்பதா என்பதையும் வாக்கெடுப்புக்கே விட்டு, திட்டத்தின் பெயரால் எந்த அறிக்கையும் வெளியிடுவதில்லை என்று முடிவு செய்தனர்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. கிளை பிரிக்கும் உரிமை எல்லோருக்கும் இருந்தாலும், அதற்கான திறனும் நேரமும் நிரலாளர்களிடமே இருக்கின்றன. மொழிபெயர்ப்பவரும் ஆவணம் எழுதுபவரும் மூலநிரலை எடுத்துக்கொண்டு தனியே சென்றுவிட முடியாது. அவர்களுக்கு வாக்குரிமையே பாதுகாப்பு. நிரல் தொகுப்புகளை உருவாக்காமல் வேறு வகையில் பங்களிப்பவர்களையும் உறுப்பினர்களாக வரவேற்க டெபியன் திட்டத்தினர் வாக்களித்து முடிவெடுத்தது 2010இல்தான்.