வாசகர் கேள்வி-பதில்: காண்டா இடித்ததால் வந்ததா மார்பகப் புற்றுநோய்?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் அம்மாவுக்கு 58 வயது. ரப்பர் தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். மார்பக எக்ஸ்ரே படமான மாமோகிராமில் பொடிப்பொடியாய் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. பால் நாளத்துக்குள் அடங்கிய தொடக்கநிலைப் புற்றுநோய் என அறிக்கை வந்துள்ளது. எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை. பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு மார்பில் இடித்ததுதான் காரணம் என்கிறார் பெரியம்மா. எனக்கும் வருமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, காண்டா இடித்தது காரணமே அன்று, இதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அடிபட்ட இடத்தைத் தடவும்போது முன்பே இருந்த கட்டி கையில் தட்டுப்படுவதுண்டு. அதனால்தான் பலரும் இப்படி நம்புகிறார்கள்.

உயிரணு பிரியும்போதெல்லாம் அதன் மரபணுக்கள் நகலெடுக்கப்படுகின்றன. அப்போது சிறு பிழைகள் விழுந்து தங்கிவிடுகின்றன. பெரும்பாலானவற்றால் தீங்கில்லை. ஆனால், வளர்ச்சியைத் தூண்டும் பிஐகே3சிஏ மரபணுவிலோ, பழுதுற்ற உயிரணுவைத் தடுத்து நிறுத்தும் டிபி53 மரபணுவிலோ பிழை விழுந்தால், அந்த உயிரணு அடங்காமல் பெருகத் தொடங்கக்கூடும். 2023ஆம் ஆண்டு ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு என்னை வியக்க வைத்தது: மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில் 1ஆம், 16ஆம் இழைகளின் துண்டுகள் ஒட்டிக்கொண்ட வகைப் புற்றுநோய்களில், அந்த மாற்றம் பூப்படையும் காலத்துக்கும் பதின்பருவத்தின் இறுதிக்கும் இடையிலேயே நேர்ந்திருந்தது. மாதவிலக்கு நிற்கும்வரை மார்பக உயிரணு ஒன்றில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 பிழைகள் சேர்வதையும், பிறகு அது 8 அளவுக்குக் குறைவதையும் அவர்கள் கண்டனர். எனவே, இன்று படத்தில் தெரிகிற புள்ளிகளுக்கான தொடக்கம் பல்லாண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்திருக்கலாம். அதற்கு அம்மா செய்த எந்தவொரு செயலையும் குற்றம் சொல்ல இடமில்லை.

அம்மாவின் உடலில் அந்த உயிரணுக்கள் நாளத்தின் சுவரை இன்னும் தாண்டவில்லை. இது நல்ல செய்தி. என்றாலும், பரவும் புற்றுநோயில் காணும் மரபணு மாற்றங்களில் பெரும்பகுதி இந்த நிலையிலேயே இருப்பதால், எது சுவரைத் தாண்டும், எது தாண்டாது என்று உறுதியாகப் பிரித்தறிய இயலவில்லை. அதனால்தான் மருத்துவர்கள் பொதுவாக அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள். நாட்டு மருந்தை நம்பி அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பரம்பரையாக வருபவை நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். 17ஆம் குரோமோசோமில் உள்ள பிஆர்சிஏ1, 13ஆம் குரோமோசோமில் உள்ள பிஆர்சிஏ2 ஆகிய மரபணுக்களின் பிழைகள் அவற்றுள் முக்கியமானவை. இவை அப்பா வழியிலும் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தாய்க்கு இந்நோய் இருந்தால் மகளுக்கு வாய்ப்பு சற்றுக் கூடும்; கட்டாயம் வரும் என்பதில்லை. உங்கள் அத்தைமார், சித்திமார் யாருக்கேனும் இளவயதில் மார்பகப் புற்றுநோயோ, எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோயோ இருந்ததா என்று விசாரியுங்கள். இருந்திருந்தால், மரபியல் ஆலோசனைக்குப் பரிந்துரைக் கடிதம் தருமாறு அம்மாவின் மருத்துவரிடமே கேளுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையில் மரபியல் பிரிவு உண்டு. குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை என்றாலும், நீங்கள் எந்த வயதில் மாமோகிராம் தொடங்குவது என்பதை அந்த மருத்துவரிடமே கேட்டு வாருங்கள்.