குயீன் இல்லாத ஃப்ரெடி

கேள்வி: ஃப்ரெடி மெர்குரியின் 'மிஸ்டர் பேட் கை' ஆல்பத்தைக் கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் போகும்போது இரண்டு நாள் கேட்டேன். ஒரு பாட்டு டிஸ்கோ, ஒன்று ஜமைக்காவின் ரெகே, ஒன்று முழு ஆர்கெஸ்ட்ரா, இன்னொன்று வெறும் பியானோ. அவருடைய பிரிட்டிஷ் ராக் குழுவான குயீனின் பாட்டில் இருந்த உயிர் எதிலும் இல்லை. குழுவை விட்டு வெளியே வரும் ராக் பாடகர்கள் ஏன் இப்படிக் கதம்பம் கட்டுகிறார்கள்? பணத்துக்காகத்தானே? புதுச்சேரியில் எங்கள் குழுவின் பாடகரும் இப்போது தனியாக ஆறு பாட்டு பதிவுசெய்கிறார். அவருக்கும் இதே கதிதானா?
— ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அவர் குழுவை விட்டு வெளியே வரவே இல்லை. ஆல்பம் வந்தது 1985 ஏப்ரல் 29. அடுத்த ஜூலை 13-ல் லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் இசை நிகழ்ச்சி மேடையில் குயீனின் அதே நால்வரும் சேர்ந்துதான் நின்றார்கள். தனி ஆல்பம் போடுவதைக் குயீனில் தொடங்கிவைத்ததும் பாடகர் இல்லை. டிரம்மர் ராஜர் டெய்லர் 1981-லேயே தனி ஆல்பம் போட்டார். 1983-ல் கிதார் கலைஞர் ப்ரையன் மே. பாடகர் மூன்றாவதாக வந்தவர். பணம்தான் குறி என்றால் ஊர் உலகத்துக்குப் பிடித்த குயீன் ஒலியையே இன்னொரு முறை செய்து விற்றிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை என்பதுதானே உங்கள் புகாரே?

கதம்பம் என்பதைக் குற்றமாகச் சொல்கிறீர்கள். குயீனின் 1975 ஆல்பமான 'எ நைட் அட் தி ஓபரா'வை எடுத்துப் பாருங்கள். ஓபரா இருக்கிறது, பழைய மேடைக் கேளிக்கைப் பாட்டு இருக்கிறது, ஜாஸ் பேண்டின் ஊதுகருவிகள் போல ப்ரையன் மே கிதாரிலேயே வாசித்த பாட்டும் இருக்கிறது. அதை மேதைமை என்கிறோம். தமிழ்ப் படப் பாடல்களையும் அப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். குத்துப்பாட்டு, தாலாட்டு, டிஸ்கோ, சோகம் எல்லாம் ஒரே கேசட்டில். யாரும் முகம் சுளித்ததில்லை, ஏனென்றால் கதை அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தனி ஆல்பத்துக்குக் கதை கிடையாது. பதினொரு பாட்டையும் கட்டி நிறுத்த ஒரு குரல்தான் உண்டு. ஆகவே இதில் பிடிக்க வேண்டியது குரலை. நீங்கள் கிதாரைத் தேடியிருக்கிறீர்கள்.

கிதார் இல்லாமல் இல்லை. ஃப்ரெட் மாண்டல், பால் வின்சென்ட் வாசித்திருக்கிறார்கள். ஆனால் ப்ரையன் மே இல்லை. தந்தையோடு சேர்ந்து வீட்டில் செய்த கிதாரை, ஆறு பென்ஸ் மதிப்புள்ள ஒரு நாணயத்தால் மீட்டி, ஒரே பாட்டில் பல அடுக்காகப் பதிவுசெய்கிற ஆள் அவர். அந்த ஒலிச் சுவர் இங்கே எழும்பவில்லை. பின்குரல்களில் இருக்கும் வேறுபாடு இன்னும் முக்கியம், பலரும் கவனிக்காதது. குயீன் கோரஸில் மேலே டெய்லரின் கூர்மையான உச்சக் குரல், நடுவில் மெர்குரி, கீழே மே. மூன்று தொண்டை, மூன்று நிறம். தனி ஆல்பத்தில் மெர்குரி தன் குரல் மேல் தன் குரலையே அடுக்குகிறார். ஒலி வழவழப்பாகிறது, முரடு போய்விடுகிறது. 'உயிர் இல்லை' என்று உங்களுக்குப் பட்டதில் பாதி இதுதான்.

இன்னொரு இழப்பு காதுக்கு நேரடியாகத் தெரியாது. குழுவில் ஒரு பாட்டு மற்ற மூவரின் மறுப்பைத் தாண்டித்தான் வெளியே வரும். ம்யூனிக்கின் மியூசிக்லாண்ட் ஸ்டுடியோவில் மெர்குரியும் ரைன்ஹோல்ட் மாக்கும் சேர்ந்து தயாரித்தபோது, வாசித்தவர்கள் தேர்ந்த கலைஞர்கள்தான், ஆனால் அவர் பாட்டுக்கு வாசிக்க வந்தவர்கள். 'இது வேண்டாம்' என்று சொல்லும் சம உரிமை உள்ளவர் யாருமில்லை. அதனால் நல்லதும் நடந்தது. தலைப்புப் பாட்டில் ரைனர் பீட்ச் எழுதிய ஆர்கெஸ்ட்ரா முழு வீச்சில் போகிறது. குழுவாக இருந்தால் கிதார் நுழைந்து அதைப் பங்கு கேட்டிருக்கும். கெட்டதும் நடந்தது. 'ஃபூலிங் அரவுண்ட்', 'யுவர் கைண்ட் ஆஃப் லவர்' இரண்டும் அடுத்தடுத்து வந்து பழைய ரெக்கார்டின் முதல் பக்கத்தின் முடிவைத் தளர்த்திவிடுகின்றன. ஒன்றையாவது யாராவது தடுத்திருக்க வேண்டும். இதில் உங்கள் பக்கம்தான் நான்.

இனி நீங்களே சோதித்துப் பாருங்கள். 'மேட் இன் ஹெவன்', 'ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ' இரண்டும் இந்த ஆல்பத்துப் பாட்டுகள். மெர்குரி 1991 நவம்பரில் இறந்த பிறகு, மற்ற மூவரும் அவருடைய 1985 குரலை அப்படியே வைத்துக்கொண்டு இசையை மட்டும் புதிதாக வாசித்து, 1995-ல் குயீன் ஆல்பத்தில் வெளியிட்டார்கள். ஒரே குரல், இரண்டு சூழல். இப்படி ஒப்பிட்டுப் பார்க்க ராக் இசையில் அரிதாகவே வாய்ப்புக் கிடைக்கும். முதலில் 1985, உடனே 1995. அப்புறம் இரண்டு நாள் கழித்து வரிசையை மாற்றி. 'ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ'வின் 1985 பதிவில் தாளம் நடனத்துக்கு இழுக்கும், குரல் அதன் மேல் மிதக்கும். 1995-ல் கிதாரும் டிரம்ஸும் குரலைத் துரத்தும், அதே வரிகள் போராட்டமாகக் கேட்கும். எனக்கு 1995 பிடிக்கும். 'மேட் இன் ஹெவன்' விஷயத்தில் 1985-தான் மேல், ஏனென்றால் அங்கே அவர் குரல் எதோடும் மல்லுக்கட்டவில்லை.

ஒப்பிடும்போது பலரும் ஒரு தப்பு செய்கிறார்கள். இரண்டு பதிவில் எது சத்தமாக இருக்கிறதோ அதுதான் நல்லதாகத் தோன்றும், யார் காதுக்கும். ஆகவே பிற்காலப் பதிவின் ஒலியைக் குறைத்து, இரண்டிலும் குரல் ஒரே அளவில் கேட்கும்படி வைத்த பிறகே தீர்ப்பு சொல்லுங்கள்.

பஸ்ஸுக்கு வருகிறேன். டீசல் இன்ஜின் இரைச்சலின் பெரும்பகுதி கீழ் அதிர்வெண்களில்தான், சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே. பேஸ் கிதாரின் தடித்த கம்பியின் அடிஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். இன்ஜின் உறுமல் அதை அப்படியே விழுங்கிவிடும். குயீன் பாட்டில் கிதாரின் கடி நடு அதிர்வெண்களில் இருப்பதால் தவளக்குப்பத்து நெரிசலிலும் காதில் விழும். அதோடு அவை ஏற்கெனவே மனப்பாடமான பாட்டுகள், விழாததையும் நினைவு நிரப்பிக்கொள்ளும். இந்த ஆல்பம் பேஸையும் தாளத்தையும் நம்பி நிற்கிறது. அந்த இரண்டும் போனால் மிச்சம் மெல்லிய சிந்தசைசர் பூச்சுதான். வீட்டில், காது முழுக்க அடைக்கும் ஹெட்போனில், ஈக்வலைசரையும் ஷஃபிளையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள். மொத்தம் நாற்பது நிமிடச் சொச்சம்தான். ஆறாவது பாட்டிலிருந்து, அதாவது பழைய ரெக்கார்டின் இரண்டாம் பக்கத்திலிருந்து, தொடங்குவது நல்லது. ஆர்கெஸ்ட்ரா, பியானோ, ரெகேயில் தொடங்கி ராக்காகத் திரும்பும் 'மை லவ் இஸ் டேஞ்சரஸ்' எல்லாம் அங்கேதான். 2019-ல் மூல டேப்புகளிலிருந்து மறுபடி மிக்ஸ் செய்த ஸ்பெஷல் எடிஷன் கிடைத்தால் அதையே முதலில் கேளுங்கள்.

'லிவிங் ஆன் மை ஓன்' தேடும்போது எந்தப் பதிவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1993-ன் நடன ரீமிக்ஸ் முதலில் வந்து நிற்கலாம். நடுவில் ஜாஸ் பியானோவும் சொல்லில்லாத குரல் விளையாட்டும் வருவது 1985 பதிவு. அந்தப் பாட்டு 1985-ல் பிரிட்டன் பட்டியலில் 50-வது இடத்தோடு நின்றது. 1993-ல் ரீமிக்ஸ் முதலிடம். குரல் மாறவில்லை. தாளம் காலத்துக்கு ஏற்றதாகியிருந்தது, அவர் இறந்திருந்தார், கேட்பவர்கள் குயீனின் அடுத்த ஆல்பத்தைக் கேட்கும் காதோடு வரவில்லை. ஆல்பமும் 1985-ல் பிரிட்டனில் 6-வது இடம், அமெரிக்காவில் 159. ஒரே பண்டத்துக்கு இரண்டு கரையில் இப்படி இரண்டு விலை என்றால், பாட்டின் தரத்தை அந்த எண்களில் தேடுவது வீண்.

உங்கள் பாடகர் விஷயம். ஆறு பாட்டும் ஆறு விதமாக இருக்கட்டும், குரல் மட்டும் ஒரே மைக்கில், ஒரே அறையில், ஒரே தூரத்தில் பதிவாகட்டும். எதிரொலியும் ஆறுக்கும் ஒரே குடும்பமாக இருக்கட்டும். கேட்பவருக்குப் பிடிமானம் அதுதான். குழுவின் ஒலிக்கு மிகத் தூரமான பாட்டை முதலில் வெளியிட வேண்டாம், மூன்றாவதாக விடலாம். 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையோடு இரண்டு பேரை மிக்ஸ் கேட்க அழைக்கட்டும். அதில் ஒருவர் நீங்களாக இருங்கள், பஸ்ஸில் கேட்காமல். ஆறு பாட்டின் சத்த அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 லஃப்ஸ் (காதில் விழும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குத் தானே சரிசெய்துகொள்வதால், அதற்கு மேல் அமுக்கி ஏற்றுவதில் லாபமில்லை, டிரம்ஸின் அடி மழுங்குவதுதான் மிச்சம்.

மிக்ஸ் முடிந்த கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெர்குரியின் குரல் தனி டிராக்கில் பத்திரமாக இருந்ததால்தான் 1995-ம் 2019-ம் நடந்தன. ஒவ்வொரு டிராக்கையும் 24 பிட் வேவ் கோப்பாக, எல்லாமே பாட்டின் பூஜ்ய நொடியிலிருந்து தொடங்கும்படி எடுத்து, தாள வேகத்தைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, இரண்டு வேறு டிஸ்க்கில் வையுங்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது.