பதினைந்து வயதில் ரத்தக்குழாய்க் கவலையா? கொரியாவில் பிள்ளை வளர்ப்போரின் கேள்விகள்

சியோலில் குழந்தைகளின் இதயம் பார்க்கும் மருத்துவர் நான். இங்கே குடும்பத்தோடு இருக்கும் நம்மவர்கள் கேட்டவற்றில் சில இவை.

என் மகனுக்கு 15 வயது, ஒல்லியாகத்தான் இருக்கிறான். இந்த வயதிலேயே ரத்தக்குழாய் கெடுமா டாக்டர்? (சுவோனிலிருந்து ஒரு தாய்)

கெட ஆரம்பிக்கலாம் அம்மா. இதை உலகம் உணர்ந்ததில் கொரியாவுக்கும் பங்குண்டு. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களைப் பரிசோதித்து 1953-ல் ஒரு கட்டுரை வந்தது. சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கு மேல் இதயத் தமனிகளில் நோயின் அடையாளம் கண்ணுக்கே தெரிந்தது. போருக்குத் தகுதி என்று தேர்வான உடல்கள் அவை! தமனிச் சுவரில் மெல்லிய கொழுப்புக் கோடாக இது சிறுவயதிலேயே தொடங்கிவிடும். அந்தக் கட்டத்தில் பழக்கத்தை மாற்றினால் பின்வாங்கவும் செய்யும். அதனால்தான் பதின்ம வயதை நான் விடாமல் பிடித்துக்கொள்கிறேன். ஒல்லி என்பதை மட்டும் வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

அப்படியானால் கழுத்து ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா?

பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவையில்லை. கழுத்துத் தமனியின் சுவர்த் தடிமன், நாடி அலை ஓடும் வேகம் இரண்டும் ஆய்வுகளில் அதிகம் பயன்படுபவை. தமனி விறைத்தால் அலை வேகமாக ஓடும், அவ்வளவுதான். முதலில் ரத்த அழுத்தம் பாருங்கள். 13 வயதுக்கு மேல் 120/80-க்குக் கீழே இருந்தால் நல்லது. நடுநிலை, உயர்நிலைப் பள்ளி முதலாண்டுகளில் நடக்கும் உடல்பரிசோதனைத் தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். வீட்டில் யாருக்காவது இளவயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் கொழுப்புப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

ராமியோனை (கொரிய உடனடி நூடுல்ஸ்) அடியோடு நிறுத்த வேண்டுமா?

சாயங்காலம் ஆறு மணிக்கு எந்த ஹாக்வொன் டியூஷன் தெருவுக்கும் போய்ப் பாருங்கள். கடை ஜன்னலோரம் சீருடைப் பிள்ளைகள் வரிசையாக நின்றபடி கப் ராமியோனை உறிஞ்சுவார்கள், கையில் முக்கோண கிம்பாப் (கடற்பாசித் தாளில் சுற்றிய சோறு). ஐந்து நிமிடத்தில் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். சாதாரண ராமியோன் பாக்கெட் ஒன்றில் சுமார் 1,700 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே நாளுக்கு 2,000-க்குள் என்கிறது. உப்பில் பெரும்பங்கு குழம்பில்தான். நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டுக் குழம்பை மிச்சம் வைக்கச் சொல்லுங்கள், ஒரு முட்டையும் கீரையும் சேருங்கள். வாரத்துக்கு ஒரு நாள் என்றால் நான் சண்டை போட மாட்டேன். பள்ளி மதியச் சாப்பாடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, காய்கறியை ஒதுக்காமல் சாப்பிடட்டும்.

உணவைவிட முக்கியமானது எது?

அசைவு. எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம் இது. 2016-ம் ஆண்டுத் தரவை வைத்து 146 நாடுகளை ஒப்பிட்டு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், போதிய உடலுழைப்பு இல்லாத பதின்ம வயதினர் தென்கொரியாவில் 94 சதவீதம். அதுதான் பட்டியலிலேயே மிக மோசம். பெண் பிள்ளைகளில் 97! நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். மொத்தமாக முடியாது என்றால் துண்டு துண்டாகப் போடுங்கள்: இரண்டு நிறுத்தம் முன்னே பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாக நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், சனிக்கிழமை பந்து விளையாடலாம். மகளையும் சேர்த்து அனுப்புங்கள்.

இரவு பத்துக்கு ஹாக்வொன் விட்டாலும் என் மகள் வீட்டில் ஒரு மணி வரை படிக்கிறாள்.

சியோலில் ஹாக்வொன்கள் பத்து மணிக்கு மூட வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்ததற்குப் பிள்ளைகளின் தூக்கமும் ஒரு காரணம். தூக்கம் குறைந்தால் இரவில் இறங்க வேண்டிய ரத்த அழுத்தம் சரியாக இறங்காது, பசியும் கூடும். அப்புறம் விழித்திருக்கக் காபி. 2018-லேயே பள்ளிகளுக்குள் காபி விற்பனையைத் தடை செய்தார்கள். வாசலைத் தாண்டினால் கடை இருக்கிறது. எட்டு மணி நேரம் எட்டாவிட்டாலும், இந்த வாரம் அரை மணி முன்னே விளக்கை அணையுங்கள். அடுத்த வாரம் இன்னொரு அரை மணி.

டாக்டர், வேப் (மின்சிகரெட்) சாதாரண சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லைதானே? (17 வயது, பெயர் வேண்டாம்)

கேட்டதே பெரிய விஷயம் தம்பி. நிகோடின் உள்ளே போன சில நிமிடங்களில் துடிப்பு ஏறும், தமனி இறுகும். எந்தக் கருவி வழியாகப் போனாலும் அப்படித்தான். தனியாக விட முடியவில்லை என்றால் பள்ளிச் சுகாதார ஆசிரியரிடம் போ. முதல் சில நாள் எரிச்சலாக இருக்கும், அது அடங்கிவிடும்.